பெட்டிமேல் துண்டு

மறுபடியும் பெட்டிக் கண்ணாடியில் மூச்சுப் படிந்தது. வெள்ளியங்கிரி பனியன் நுனியால் அதைத் துடைத்துவிட்டு மூக்கைத் திரும்ப அங்கேயே கொண்டுபோய் வைத்தார். காலையில் அவர் மனைவி பரிமளா பல் விளக்கிக்கொண்டே வந்து காட்டியபோது முட்டை ஓட்டில் மிளகளவு ஒரு புடைப்புத்தான் இருந்தது. இப்போது அந்த இடம் நொறுங்கி, நடுவில் சிறு ஓட்டை விழுந்து, ஓட்டைக்குள் மஞ்சளாக ஏதோ அசைந்துவிட்டு நின்றிருந்தது. மூக்காக இருக்க வேண்டும். அலகு என்று சொல்ல வேண்டும், அலகு. வயது ஐம்பத்தாறு, பி.எஸ்சி. விலங்கியல், குளிக்கவில்லை, சவரம் செய்யவில்லை, படுக்கையறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒருவன் தெர்மாகோல் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான், எதற்காக, ஒரு கோழி பிறப்பதற்காக. கறிக்கடையில் தலைகீழாகத் தொங்குகிற ஜீவன். இந்த நிமிஷம் பண்ணைகளில் எத்தனை ஆயிரம் முட்டை பொரிந்துகொண்டிருக்கும், எவனாவது உட்கார்ந்து பார்க்கிறானா? பெட்டியும் அவர் செய்ததுதான். மீன் கடையில் கேட்டு வாங்கி வந்தது. எத்தனை கழுவியும் மத்தி வாடை போகவில்லை. பக்கவாட்டில் எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடிச் சில், உள்ளே ஒரு குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன விசிறி, சூடு ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் எரியவிடுகிற, சூட்டைச் சிவப்பு எண்ணில் காட்டுகிற கருவி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், மூடியில் காற்றுக்காகக் கட்டைவிரல் நுழைகிற மாதிரி நான்கு துளைகள். எல்லாம் யூடியூபில் பார்த்தது. 'வணக்கம் உறவுகளே' என்று ஆரம்பிக்கிற ஒரு ஆள். எந்த உறவு? 'உங்க வீட்டுலயே, ஆமாங்க, உங்க வீட்டுலயே' என்று எதையும் இரண்டு தடவை சொல்கிற அந்தக் குரலை வெள்ளியங்கிரியால் சகிக்க முடியாது. சகிக்க முடியாமல் ஒவ்வொரு வீடியோவையும் இரண்டு தடவை பார்த்திருந்தார். முதல் தடவை வைத்த முட்டைகள் அத்தனையும் கெட்டுப்போயின. டிரான்ஸ்பார்மர் வெடித்துப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. வெந்நீர் பாட்டில்களை உள்ளே அடுக்கிக் கம்பளியைப் போர்த்தி என்னென்னவோ செய்து, பிறகு ஒருநாள் ஒரு முட்டை பட்டென்று வெடித்து அறை நாறிப்போனதுதான் மிச்சம். பரிமளா சிரித்திருந்தால் பரவாயில்லை. அவள் சிரிக்கவில்லை. விடியலில் எழுந்து எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி, வாட்ச்மேன் கண்ணில் படாமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினாள். அந்த இரக்கத்தை அவரால் மன்னிக்க முடியவில்லை. ஓசூரிலிருந்து மகள் போனில், 'அப்பாவுக்கு நல்ல டைம்பாஸ்' என்றாள். டைம்பாஸ். ரயிலில் விற்கிற கடலை. இந்தத் தடவை முட்டைகளைப் பரிமளாவே தங்கை வீட்டிலிருந்து கொண்டுவந்தாள், டிபன் கேரியரில் தவிடு போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு. ஜன்னலை இருட்டாக்கி, செல்போன் விளக்கை அடியில் பிடித்துப் பார்த்து, உள்ளே சிவப்பு நரம்பு ஓடாததையெல்லாம் எடுத்து எறிந்ததில் ஐந்துதான் மிஞ்சின. அவற்றிலும் நான்கு கல் மாதிரி கிடந்தன. இது ஒன்றுதான். இதுவும் போனால் பெட்டியைக் கொண்டுபோய் மீன் கடையிலேயே போட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்தார். நினைத்த கையோடு கண்ணாடியை மறுபடி துடைத்தார். ஒன்று. தன் கையால் வைத்து, தன் கையால் திருப்பிவிட்டு, ஒன்றே ஒன்று உயிரோடு வெளியே வந்து நின்றால் போதும். இத்தனை வருஷத்தில் எதை உண்டாக்கினோம், எவனோ செய்த மாத்திரையை எவனிடமோ புகழ்ந்ததைத் தவிர?

பரிமளா தங்கை மகளின் நிச்சயத்துக்கு ஒத்தக்கால்மண்டபம் போயிருந்தாள். அவருக்கு உடம்பு சரியில்லை என்று அங்கே சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு. பட்டுப்புடவை கட்டி, தலையில் பூவோடு, கிளம்புகிற அவசரத்திலும் அறைக்குள் வந்து, "ஏனுங்க, மூடிய மட்டும் தொறந்தறாதீங்க. எத்தன கத்துனாலும் தொறக்கக் கூடாது. ஈரம் போயிருச்சுன்னா உள்ள சவ்வு காஞ்சு குஞ்சோட ஒட்டிக்கும், அப்பறம் வெளிய வர முடியாது" என்றாள். "தெரியும். நான்தானே உனக்குச் சொன்னேன்." "சொன்னதென்னமோ நீங்கதானுங்க. பொறுக்க மாட்டாமத் தொறக்கறதும் நீங்களாத்தான் இருப்பீங்க." பிறகு அந்தப் பட்டுப்புடவையோடு குனிந்து, மூடித் துளைக்கு வாயைக் கொடுத்து, கொக், கொக், கொக் என்று தாய்க்கோழி மாதிரி குரல் கொடுத்தாள். தினமும் காலையில் அவள் செய்வதுதான். சமையலறையிலிருந்து வருகிற வழியில் நின்று, நாற்பது பேருக்குச் சமைத்தவள்போல் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, முட்டையோடு பேசுகிறவள். அவருக்கு அப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும். ஆனால் இன்றைக்கு உள்ளேயிருந்து, ஓட்டுக்குள்ளிருந்து, மெல்லிசாக ஒரு கீச் வந்தது. அவள் நிமிர்ந்து, "பாத்தீங்களா, பதில் சொல்லுது. சத்தம் கொறஞ்சுதுன்னா இப்பிடிக் கூப்புடுங்க, அம்மா வெளிய இருக்கான்னு நெனச்சுட்டு முட்டும். எங்க, ஒருக்கா கூப்புடுங்க பாப்போம்" என்றாள். "எனக்கு வேற வேலை இல்லையா?" "இல்லீங்களே" என்றாள் பரிமளா. கிண்டல் இல்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துச் சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

கீச். இதோ, மறுபடியும். ஒரு சத்தம் வந்தால் அவர் உடம்பு முழுக்கத் தளர்ந்தது. அடுத்த சத்தம் வருகிற வரைக்கும் இறுகியது. காத்திருப்பது அவருக்குப் புதிதா? மருந்துக் கம்பெனி பிரதிநிதியாக ஈரோடு, தாராபுரம், உடுமலை என்று ஊர் ஊராகப் போய் அவர் செய்த உத்தியோகமே காத்திருப்பதுதான். சித்திரை வெயிலில் கழுத்தை இறுக்கும் டை, தோளைத் தொங்கவைத்த தோல் பை, டாக்டர் வீட்டு வாசலில் நோயாளிகளுக்குப் பின்னால், நோயாளியின் பக்கத்தில் வந்த உறவுக்காரனுக்கும் பின்னால். கம்பவுண்டர்கூடத் தன்னை ஏளனமாகப் பார்ப்பான், அவனுக்கும் கம்பெனி பேனா ஒன்று கொடுத்தாக வேண்டும். கதவு திறந்து கூப்பிட்டால் இரண்டு நிமிஷம். தாராபுரத்தில் ஒரு குழந்தை டாக்டர் இருந்தார், பல்லைக் குத்திக்கொண்டே பேசுகிறவர். இவர் உள்ளே நுழைந்து, "குட் ஈவினிங் டாக்டர்" என்று ஆரம்பித்ததும் நிமிர்ந்து பார்க்காமல், எழுதிக்கொண்டே, இடது கையை மட்டும் உள்ளங்கை தெரியத் தூக்குவார். இரு என்று அர்த்தம். போ என்றும் அர்த்தம். நாய்க்குக் காட்டுகிற கை. அந்தக் கைக்கு முன்னால் நின்றுகொண்டு வெள்ளியங்கிரி சிரிப்பார். மனசுக்குள், படித்த முட்டாளே, போன மாசம் நான் சொல்லிக் கொடுத்த அளவைத்தானேடா நீ இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று ஓடும்; வெளியே கன்னம் இரண்டும் தானாக மேலேறி நிற்கும். எல்லோரையும் அவர் இகழ்ந்தார். டாக்டர்களை, கம்பவுண்டர்களை, டார்கெட் டார்கெட் என்று கத்திய மேனேஜரை, பக்கத்தில் நின்று அதே சிரிப்பைச் சிரித்த மற்ற கம்பெனிக்காரர்களை. ஒருத்தரிடமும் அதைக் காட்டியதில்லை. காட்டாத இகழ்ச்சிக்கு என்ன மரியாதை? ஓட்டுக்குள்ளேயே கிடந்து நாறுகிற முட்டைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? கம்பெனி வீட்டுக்கு அனுப்பிய பிறகும் சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. ஏ.டி.எம். காவல்காரனைப் பார்த்துச் சிரிக்கிறார், கேஸ் கொண்டுவருகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறார், ஒருநாள் லிப்டுக்குள் தனியாக நிற்கும்போது கண்ணாடியில் தன்னைப் பார்த்து, ஏதோ விற்கவேண்டியவர் மாதிரி, சிரித்துத் தொலைத்தார்.

காலிங்பெல் அடித்தது. அடித்த விதத்திலேயே தெரிந்தது, விரலை எடுக்காமல் நீளமாக. மோகனரங்கம். குடியிருப்போர் சங்கச் செயலாளர், இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை பகலில் வீடு வீடாக ஏறி இறங்குவதை ஒரு விரதம்போல் வைத்திருப்பவர். இந்த அடுக்குமாடியில் ஆடு, கோழி, வாத்து எதுவும் வளர்க்கக் கூடாது. கீழ்த்தளத்தில் குடியிருந்த ஒருவர் பக்ரீத்துக்கு முன்னால் ஆடு கொண்டுவந்து கட்டியபோது போட்ட தீர்மானம். அதை மோகனரங்கம் வாசித்து முடித்ததும் முதலில் தூக்கப்பட்ட கை யாருடையது? வெள்ளியங்கிரியுடையதுதான். தூக்கவேண்டிய அவசியமே இல்லை. எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது, ஒரு மேஜைக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து தன்னைப் பார்க்கிறான் என்றதும் கையும் சிரிப்பும் தானாக மேலே போய்விட்டன. கீச் என்றது பெட்டி. மறுபடி கீச், கீச் என்று, பெல் சத்தத்துக்குப் பதில் சொல்வதுபோல. கதவைச் சாத்தினாலும் கேட்கும். இந்த வீட்டுக் கதவெல்லாம் அட்டை. அவர் கண் அறையைச் சுற்றியது. கட்டில்மேல் குளிக்கப் போவதற்காக எடுத்துவைத்த தேங்காய்ப்பூத் துண்டு கிடந்தது. எடுத்து இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், மூடியின்மேல், நான்கு துளைகளும் மறைகிற மாதிரி வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். சத்தம் அடியில் போய்விட்டது. ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும்? சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வாசல் கதவைத் திறக்கும்போது, திறப்பதற்கு முன்பே, முகம் தயாராகிவிட்டது.

"என்ன சார், பனியனுக்கு மேல அப்படியே சட்டையா? இன்னும் குளிக்கலை போல. ரிட்டயர்டு லைப்னா இதான் சார், கொடுத்து வெச்சவர்" என்று சொல்லிக்கொண்டே மோகனரங்கம் சோபாவில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். "மேடம் இல்லையா? டீ எல்லாம் வேண்டாம். பிளாஸ்க்ல இருந்தா கொடுங்க." இருந்தது. ஊற்றிக் கொடுத்தார். எதிரே, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஏன் நுனியில்? தன் வீடு, தன் நாற்காலி. மோகனரங்கம் வந்த விஷயம் புறா. நான்காவது மாடியில் இருக்கிற டீச்சரம்மா பால்கனியில் கம்பு போட்டுப் போட்டு ஊர்ப் புறாவெல்லாம் இங்கே வந்துவிட்டதாம். "என் ஏ.சி. அவுட்டோர் மேல வந்து பாருங்க சார், சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. கேட்டா, வாயில்லா ஜீவன்ங்கறாங்க. வாய் இருக்கறதுனாலதானே சார் திங்குது? பின்னாடி ஒண்ணு இருக்கறதுனாலதானே எனக்குப் பிரச்சனை?" தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கினார். வெள்ளியங்கிரியும் குலுங்கினார். என்ன ஒரு பிறவி. ஒரு புறா எச்சத்துக்காக ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கிற பிறவி. இவனுடைய உலகமே ஒரு ஏ.சி. பெட்டிதான், என்றால் என்னுடையது? "சாயங்காலம் மீட்டிங்ல நான் விஷயத்தைக் கிளப்பறேன். நீங்க எழுந்து ஒரு வார்த்தை, ஆமா, தொந்தரவுதான்னு சொன்னாப் போதும்." "சொல்லிட்டாப் போச்சுங்க." "நீங்க சொன்னா எடுபடும் சார். இந்த பில்டிங்ல ஒரு தொந்தரவு இல்லாத மனுஷன் யாருன்னா, நீங்கதான்." கீச்.

சின்னதாகத்தான் வந்தது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி. மோகனரங்கத்தின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "என்ன சார் சத்தம்?" "போனுங்க. புது ரிங்டோன்." எவ்வளவு சீக்கிரம் வந்தது பொய், முன்பே எடுத்து வைத்திருந்ததுபோல. கீச். "எடுங்களேன், யாரோ கூப்பிடறாங்க." "எடுக்க வேண்டாத நம்பருங்க" என்று சிரித்தார். மோகனரங்கமும் புரிந்துகொண்டவர்போலச் சிரித்து, லோன் வேணுமா, கார்டு வேணுமா என்று தன்னைக் கூப்பிடுகிறவர்களைப் பற்றி ஆரம்பித்தார். வெள்ளியங்கிரியின் ஒரு காது மட்டும் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கத்தாதே, கத்தாதே, சனியனே, அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன, நான் இருந்ததில்லையா, வருஷக்கணக்கில்? கீச். பிறகு ஒன்று, இன்னும் மெதுவாக. பிறகு மோகனரங்கம் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். புறாவின் எச்சத்தில் நுரையீரலைத் தாக்கும் கிருமி இருப்பதாகவும், தன் மைத்துனர் ஒருவர் அதனாலேயே படுத்துவிட்டதாகவும், வலை கட்ட விலை கேட்டிருப்பதாகவும். மேலே மின்விசிறி சுற்றியது. டம்ளரை வைக்கிற சத்தம். வேறு சத்தம் இல்லை. வெள்ளியங்கிரி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், சத்தம் இல்லை. சற்று முன்னால் எதற்குப் பயந்தாரோ அது இப்போது வந்தால் போதும் என்று இருந்தது. ஒன்று, ஒரே ஒரு கீச், இந்த ஆள் குதித்து எழுந்து ஊரைக் கூட்டினாலும் சரி. மூடிக்குக் கீழே என்ன ஆகும்? பல்பு எரியும், சூடு போக வழியில்லாமல் ஏறும், கருவி அணைக்கும், அணைத்தாலும் துண்டு கம்பளிபோல அடைகாக்கும். கடைசி நாளில்தான் காற்று அதிகமாக வேண்டும், துளைகளை முழுசாகத் திறந்து வையுங்கள் உறவுகளே, முழுசாக என்று அந்த ஆள் இரண்டு தடவை சொன்னானே, இரண்டு தடவையும் பார்த்தேனே. மூடியைத் திறந்துவிடாதே என்றுதான் பரிமளா பயந்தாள். மூடுவேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்த அளவுக்கு அவள்கூட என்னைக் கீழாக நினைக்கவில்லை. "நின்னுடுச்சு சார்" என்றார் மோகனரங்கம். "எதுங்க?" "ரிங்டோன். விட்டுட்டாங்க போல."

விட்டுட்டாங்க போல. எழுந்திரு. இரண்டே எட்டு, கதவு, துண்டு. எழுந்து, என்ன சொல்லிவிட்டு எழுந்திருப்பது? பாத்ரூம் என்று சொல்லலாம். அதற்கும் ஒரு காரணம், அதற்கும் ஒரு அனுமதி. தாராபுரத்து டாக்டர் வீட்டு வாசலில் ஒருநாள் இப்படித்தான், வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தும், உள்ளே கூப்பிட்டுவிடுவார்களோ என்று பல்லைக் கடித்து நின்றது. கால் எழவில்லை. அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. நாதஸ்வரம். போன வருஷம் பரிமளா வைத்துக் கொடுத்த மங்கள இசை, நிதானமாக, கல்யாண வீடு மாதிரி முழங்கியது. மோகனரங்கத்தின் புருவம் மேலே போயிற்று. வெள்ளியங்கிரி போனை எடுத்தார். பின்னால் நிச்சயத்துச் சந்தடியும் மைக் சத்தமுமாக இருந்தது. "ஏனுங்க, கத்துதா?" என்றாள் பரிமளா. "ம்." "எங்க, பெட்டிகிட்டப் புடிங்க, நானும் கேக்கறேன். இங்க தங்கச்சியும் கேக்கணும்ங்கறா." "ஆள் வந்திருக்காங்க." "ஆரு?" "செக்ரட்டரி சார்." "ஏனுங்க, துணி கிணி எதாச்சும் போட்டு மூடிப்போட்டீங்களா?" அவர் அறைக்கதவைப் பார்த்தார். அவள் திட்டவில்லை. பழைய முட்டைகளை ஏந்திக்கொண்டு படியிறங்கிய அதே மாதிரிக் குரலில், "அதுக்கு மூச்சு முட்டுமுங்க" என்றாள்.

எழுந்துவிட்டார். எப்படி எழுந்தார் என்று தெரியவில்லை, மோகனரங்கம் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே அறைக்கதவு திறந்திருந்தது, துண்டு தரையில் கிடந்தது. துண்டின் அடிப்பக்கம் வெந்நீரில் நனைத்ததுபோலச் சூடாக இருந்தது. கண்ணாடி உள்பக்கம் ஆவி கட்டி ஒன்றும் தெரியவில்லை. கருவியின் சிவப்பு எண்கள் இருக்கவேண்டிய அளவுக்கு மேலே போயிருந்தன. மூடியைத் தூக்கவேண்டும்போல் விரல் துடித்தது. தூக்கக் கூடாது. தூக்கினால் ஈரம் போய்விடும், தூக்காவிட்டால் உயிர் இருக்கிறதா என்று தெரியாது. துளையில் காதை வைத்தார். விசிறியின் ரீங்காரம். கொன்றுவிட்டேன். ஒரு புறா எச்சக்காரனுக்குப் பயந்து, ஓட்டுக்குள்ளிருந்து அத்தனை தூரம் முட்டி வந்ததை, ஒரு குளிக்கிற துண்டால். கேவலம், இது ஒரு பாவமாகக்கூட எங்கும் எண்ணப்படாது, ஒரு கோழிக்குஞ்சு. அவர் முழங்கால் போட்டுக் குனிந்தார். துளைக்கு வாயைக் கொடுத்தார். கொக் என்றார். வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது, இருமல் மாதிரி. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, கொக், கொக். கோழியும் இல்லை, மனுஷனும் இல்லை. எத்தனை மருந்தின் பெயரை இந்த வாய் ஏற்ற இறக்கத்தோடு சொல்லியிருக்கும், பசியெடுக்க, தூக்கம் வர, மலம் இளக, ஒரு கோழியின் சத்தம் வரமாட்டேன் என்கிறது. பரிமளா எப்படிச் செய்வாள்? அடிவயிற்றிலிருந்து, அவசரமில்லாமல், யாருக்காகவும் இல்லாமல். கொக், கொக், கொக்.

"சார்." அறை வாசலில், டம்ளரோடு மோகனரங்கம். "சார், என்ன பண்றீங்க? என்ன சார் இது, முட்டையா? கோழியா வளர்க்கறீங்க, நீங்களா?" கன்னத்துக்கு அந்தப் பழைய ஏறுதல் வந்தது, வெள்ளியங்கிரி அதை உணர்ந்தார், வழக்கம்போல எழும்பி உதடு வரைக்கும் வந்தது, உதடு கோழிக்குக் குவிந்திருந்தது, அதற்கு அங்கே இடமில்லை. "நீங்கதானே சார் முதல்ல கையைத் தூக்கினீங்க? இல்ல, எனக்குப் புரியலை, நாளைக்கு நாலு பேர் கேட்டா நான்..." திரும்பிப் பார்க்காமல், துளையிலிருந்து முகத்தை எடுக்காமல், அவர் இடது கையை மட்டும் பின்னால், உள்ளங்கை தெரியத் தூக்கினார். குரல் நின்றது. அவ்வளவு எளிதாக வந்தது அந்தக் கை, இத்தனை நாளும் சட்டைக் கைக்குள்ளேயே காத்திருந்ததுபோல. தாராபுரத்துக்காரருக்கும் இப்படித்தான் வந்திருக்கும், சீ என்று ஒரு மூலையில் நினைத்தார், நினைத்தபடியே கையை இறக்காமல் வைத்திருந்தார். கொக், கொக். பின்னால் ஒரு ஆள் நிற்பது, மூச்சு விடுவது, டம்ளர் கை மாறுவது எல்லாம் கேட்டது. காத்திருக்கட்டும். கொக், கொக், கொக், கொக். ஆவி மெல்ல இறங்கி, கண்ணாடியின் மேல்விளிம்பு தெளியத் தொடங்கியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார்.

கீச் என்றது உள்ளே, எரிச்சலாக, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டதுபோல.